ட்யூபைப் பிதுக்கும் முன்: தோல் மருத்துவர் பதில்கள்

இந்த இதழுக்கு முடி உதிர்வைப் பற்றித்தான் அதிகம் கேட்பீர்கள் என்று நினைத்தேன். கடிதக் கட்டைப் பிரித்தால், பாதிக்கு மேல் ஆன்டிபயாடிக் களிம்பு சமாச்சாரம். சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடலாம். முடிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. மூக்குக்குக் கீழே சின்னக் கொப்புளமாக வந்து, உடைந்து, தேன் நிறத்தில் பக்கு கட்டியிருக்கிறது. டாக்டர் முபிரோசின் களிம்பு எழுதிக் கொடுத்தார். தினம் மூன்று வேளை தவறாமல் தடவுகிறேன். மூன்று நாளாகியும் பெரிய மாற்றம் இல்லை. இன்று கன்னத்திலும் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. மருந்தை மாற்றச் சொல்லலாமா? பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில்: மருந்தை மாற்றுவது இருக்கட்டும். நீங்கள் பக்கின் மேலேயே தடவுகிறீர்களா? பெரும்பாலான அம்மாக்கள் அப்படித்தான் செய்கிறார்கள். குழந்தை அழுமே என்று பக்கைத் தொடுவதே இல்லை. அந்தப் பக்கு என்பது காய்ந்துபோன நிணநீர், செத்த செல்கள், கூடவே கிருமிகள். மருந்து வேலை செய்ய வேண்டிய இடம் அதற்கு அடியில் இருக்கிறது. மேலே தடவிய களிம்பு மேலேயே நின்று, கடைசியில் தலையணை உறைக்குப் போய்விடும்.

இனி இப்படிச் செய்து பாருங்கள். சுத்தமான மெல்லிய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, பக்கின் மேல் சில நிமிடங்கள் வைத்திருங்கள். ஊறி இளகியதும் ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைத்தால் தானாக வரும். வராத துண்டைப் பிய்க்க வேண்டாம், அடுத்த வேளைக்கு விட்டுவிடுங்கள். அடியில் சிவந்து ஈரமாக ஒரு பரப்பு தெரியும். அதை ஒற்றித் துடைத்துவிட்டு, மெல்லிய படலமாகக் களிம்பு தடவுங்கள். தடவும் முன்பும் பின்பும் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். துடைத்த துணியை மறுபடி வேறு இடத்தில் வைக்கக் கூடாது.

கன்னத்தில் புதிதாக வந்ததற்கும் பெரும்பாலும் மருந்து காரணம் இல்லை, விரல்தான். மூக்கைச் சொறிந்த விரல் கன்னத்தையும் சொறிந்திருக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அவனுடைய துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும், வெந்நீரில் துவையுங்கள்.

இதற்கு இம்பெடைகோ என்று பெயர். வீட்டில் பொதுவாகச் சிரங்கு என்போம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இரண்டு கிருமிகளில் ஒன்றோ இரண்டுமோ தோலின் மேலடுக்கில் குடியேறுவதால் வருவது. மேலடுக்கு என்பதால்தான் களிம்பே போதும் என்கிறோம். வழக்கமாக 5 நாள் தடவச் சொல்வோம். ஊறவைத்துச் சரியாகத் தடவியும் இன்னும் இரண்டொரு நாளில் அடங்கவில்லை என்றால், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திரும்பக் காட்டுங்கள். புண்கள் உடம்பில் அங்கங்கே வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பெரிய நீர்க்கொப்புளங்களாக எழும்பினாலோ களிம்போடு நிற்கக் கூடாது. உள்ளுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். கைக்குழந்தைக்கு வந்தால் இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

பள்ளிக்கு, சிகிச்சை தொடங்கி 24 மணி நேரம் கழித்து அனுப்பலாம் என்பது பொதுவான நடைமுறை. நீங்கள் பக்கின் மேலேயே தடவி வந்திருந்தால், சரியாகத் தடவத் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கு வையுங்கள்.

இன்னொன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வந்த சிரங்கு ஆறிய பிறகு, சில வாரங்கள் கழித்து, சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கலாம். அபூர்வம்தான். ஆனால் காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம் தெரிந்தாலோ, சிறுநீர் கறுத்து டிகாஷன் நிறத்தில் போனாலோ, தோல் டாக்டரைத் தேடி அலையாமல் நேரே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: ஷேவ் செய்யும்போது கீறினாலும் சரி, காகிதம் விரலை அறுத்தாலும் சரி, உடனே ஆன்டிபயாடிக் களிம்பு தடவுவது என் வழக்கம். வேண்டாத வேலை என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1996ல் ‘ஜமா’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு. தோலில் சிறு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 922 பேரில் ஒரு பகுதியினருக்குப் பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு, மற்றவர்களுக்கு வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. தொற்று வந்தவர்கள் ஜெல்லிக்காரர்களில் 2 சதவீதம், பேசிட்ராசின்காரர்களில் 0.9 சதவீதம். புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் பேசிட்ராசின் தடவியவர்களில் நான்கு பேருக்கு அலர்ஜி வந்தது. ஜெல்லி தடவியவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

சுத்தமான சின்னக் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒரு பிளாஸ்திரி போட்டால் போதும். ‘காத்தாட விடு, காயட்டும்’ என்று சொல்வார்கள். காய்ந்து இறுகிய காயத்தைவிட ஈரப்பதம் குறையாமல் மூடிவைத்த காயம் சீக்கிரம் ஆறும். நாய், பூனை, மனிதக் கடி, மண் புகுந்த ஆழமான குத்து இவையெல்லாம் வேறு கணக்கு. அங்கே களிம்பைத் தேடாமல் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார், யோசித்து வையுங்கள்.

கேள்வி: கணுக்காலில் சிராய்ப்பு. நியோமைசின் கலந்த களிம்பு தடவினேன். முதலில் ஆறுவதுபோல இருந்தது. ஒரு வாரத்தில் சுற்றிலும் சிவந்து, அரித்து, நீர் கோத்தது. தொற்று அதிகமாகிவிட்டது என்று இன்னும் தாராளமாகத் தடவினேன். இப்போது புண்ணைவிடச் சிவப்புதான் பெரிதாக இருக்கிறது.

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ‘அரித்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். கிருமித்தொற்று வலிக்கும், தொட்டால் சுடும், சீழ் வைக்கும். அலர்ஜி அரிக்கும். இரண்டும் சிவக்கும் என்பதால்தான் குழப்பம். இன்னொரு துப்பு, சிவப்பின் வடிவம். களிம்பு எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம், சில சமயம் பிளாஸ்திரியின் சதுர வடிவத்திலேயே, பொடிப் பொடிக் கொப்புளங்களோடு சிவந்திருக்கும். கிருமிக்கு அப்படிக் கோடு போட்டு வளரத் தெரியாது.

களிம்பை இன்றே நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் முதல் மருந்து. தொற்றும் சேர்ந்திருக்கிறதா என்று நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும், அதனால் காட்டிவிடுங்கள்.

நியோமைசின் இந்த விஷயத்தில் பேர்போனது. அமெரிக்கத் தொடு அலர்ஜி மருத்துவர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பொருளை ‘இந்த ஆண்டின் அலர்ஜிப் பொருள்’ என்று அறிவிக்கும். 2003ல் பேசிட்ராசின், 2010ல் நியோமைசின். யாரும் ஆசைப்படாத பட்டம். என்னிடம் வருகிறவர்களில் இது சந்தேகமாக இருந்தால் பேட்ச் டெஸ்ட் செய்வேன். முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாகப் பொருட்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது. நியோமைசின், பேசிட்ராசின் இரண்டும் தாமதமாகக் கிளம்பும் ரகம். அதனால் ஒட்டியதை எடுத்த அன்று தோல் சுத்தமாக இருந்தாலும் விடமாட்டேன்; ஒரு வாரம் ஆனதும் மறுபடி வரச் சொல்வேன். ‘அதான் ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே’ என்று அலுத்துக்கொண்டே வருவார்கள். சிலருக்கு அன்றைக்குத்தான் அந்த ஒரு வட்டம் மட்டும் தடித்துச் சிவந்திருக்கும்.

அலர்ஜி உறுதியானால் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். கண் சொட்டு மருந்து, காது சொட்டு மருந்து சிலவற்றிலும் நியோமைசின் இருக்கிறது. ஜென்டாமைசின், ஃப்ரமைசெடின் போன்ற அதன் உறவுக்கார மருந்துகளும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கேள்வி: தொடையில் பெரிய கட்டி. பத்து நாளாக முபிரோசின் தடவுகிறேன், அசையவே இல்லை. பவர் போதவில்லையா?

பதில்: பவர் போதும், போய்ச் சேரவில்லை. கட்டியின் சீழ் மயிர்க்காலுக்கும் கீழே, ஒரு சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. அதன் மேல் களிம்பு பூசுவது, சுவருக்குள் குழாய் உடைந்திருக்க வெளியே சுண்ணாம்பு அடிப்பதுதான். சின்னக் கட்டி என்றால் வெதுவெதுப்பான ஒத்தடம் தினம் மூன்று நான்கு வேளை கொடுங்கள். பழுத்துத் தானே உடையலாம். பெரிதாகி, தொட்டால் தளதளவென்று இருந்தால் டாக்டர் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். பல கட்டிகளுக்கு அந்தக் கீறல்தான் சிகிச்சையே.

நீங்களே பிதுக்காதீர்கள். அதிலும் மூக்கிலும் மேலுதட்டிலும் வந்த கட்டியை ஒருபோதும் பிதுக்கக் கூடாது. அந்தப் பகுதியின் ரத்தக் குழாய்களுக்கு மண்டைக்குள் தொடர்பு உண்டு.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. நேற்று முதல் முழங்காலுக்குக் கீழே சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது. புண் எதுவும் பெரிதாக இல்லை. எந்தக் களிம்பு போடலாம்?

பதில்: எந்தக் களிம்பும் வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திருக்கவிடாமல் உடனே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது செல்லுலைட்டிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். தோலின் ஆழத்தில் பரவும் தொற்று. மாத்திரையோ ஊசியோ வேண்டும். அன்றைக்கே காட்ட வேண்டும். கிளம்பும் முன் சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதிவிடுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா என்பது டாக்டருக்குப் பெரிய தகவல். குளிர் காய்ச்சல், குழப்பமான பேச்சு, தோலில் கறுப்புத் திட்டு, பார்த்தால் தெரிவதைவிடப் பல மடங்கு வலி, இதில் எது இருந்தாலும் அவசரப் பிரிவுக்கு.

கேள்வி: எனக்கு அடிக்கடி கட்டி வரும். புது டாக்டர் முபிரோசினை மூக்குக்குள் தடவச் சொல்கிறார். கட்டி வருவது இடுப்பில்! சீட்டு மாறிவிட்டதா?

பதில்: மாறவில்லை. நல்ல டாக்டர், விடாதீர்கள்.

ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மூக்கின் முன்பகுதியில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அங்கே அது ஒன்றும் செய்யாது. விரல் வழியாக இடுப்புக்கோ அக்குளுக்கோ போய், ஒரு சின்னக் கீறல் கிடைத்தால் வேலையைக் காட்டும். கட்டியை ஒவ்வொன்றாக ஆற்றிக்கொண்டிருப்பதைவிட, அது கிளம்பும் இடத்தைச் சுத்தம் செய்வதுதான் உங்கள் டாக்டரின் எண்ணம்.

தினம் இரண்டு வேளை, 5 நாள் என்பது வழக்கம். தீக்குச்சித் தலை அளவு களிம்பைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, ஒவ்வொரு மூக்குத் துவாரத்தின் முன்பகுதியிலும் வைத்து, மூக்கை இரண்டு பக்கமும் அழுத்தி அழுத்தி விடுங்கள், பரவட்டும். ஆழமாகக் குத்த வேண்டாம். மூக்குக்கென்றே தனித் தயாரிப்பு உண்டு. தோலுக்கான சில ட்யூப்களில் மருந்தோடு கலந்துள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் மூக்கில் எரியும். எது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். உடம்புக்குக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினிக் கழுவலும் சேர்த்துச் சொல்லியிருப்பார். வீட்டில் வேறு யாருக்கும் கட்டி வந்தால் அவர்களுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இன்று உங்களை விட்டுப் போன கிருமி அவர்களிடமிருந்து திரும்ப வரும். அப்படியே செய்தாலும் சில மாதங்களில் மறுபடி குடியேறக் கூடும்.

கேள்வி: தொடை இடுக்கில் அரிப்பு. பாக்டீரியா, பூஞ்சை, அலர்ஜி எல்லாவற்றுக்கும் ஒரே க்ரீம் என்று மருந்துக்கடையில் கொடுத்தார்கள். இரண்டு நாளில் பறந்துபோனது. நிறுத்தினால் திரும்ப வருகிறது, இன்னும் அகலமாக.

பதில்: இந்த மூன்றும் சேர்ந்த ட்யூபைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும், மறைப்பானேன். அதில் ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து, கூடவே ஒரு ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பைப் பறக்கவிட்டது ஸ்டீராய்டு. அது தோலின் எதிர்ப்பை அடக்குகிறது. சிவப்பும் அரிப்பும் அந்த எதிர்ப்பின் அடையாளங்கள், அதனால் அவை அடங்குகின்றன. படர்தாமரை என்றால் பூஞ்சை அந்த நேரத்தில் சாவகாசமாகப் பரவும். வட்டத்தின் ஓரம் மழுங்கி, எங்களுக்கே அடையாளம் தெரியாமல் போகும். மாதக்கணக்கில் தடவினால் இடுக்குத் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளக்கும். அந்த வரிகள் மறையாது.

தடவுவதை நிறுத்திவிட்டு வாருங்கள். சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் பாக்டீரியாவால் வரும் எரித்ராஸ்மா என்று ஒன்றும் உண்டு. செம்பழுப்புத் திட்டாக, பெரிதாக அரிக்காமல் இருக்கும். அறையை இருட்டாக்கி வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைக் காட்டினால் பவளச் சிவப்பில் ஒளிரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. அதற்குக் கிளின்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் பூச்சே போதும்.

கேள்வி: முபிரோசின், ஃபூசிடிக் ஆசிட், இரண்டில் எது உயர்ந்தது? ஏன் ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொன்று எழுதுகிறார்கள்?

பதில்: சிரங்குக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். முபிரோசின் சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸ் என்ற பாக்டீரியாவிடமிருந்து கிடைத்தது, 1971ல் வெளியுலகுக்குத் தெரிந்தது. கிருமி புரதம் கட்டுவதைத் தடுத்து நிறுத்தும். ரத்தத்தில் கலந்தால் உடம்பு அதைச் சடுதியில் சிதைத்துவிடும். அதனால் அதற்கு மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை, பூசத்தான் முடியும். ஃபூசிடிக் ஆசிட் அப்படியில்லை, உள்ளுக்கும் கொடுக்கலாம். களிம்பாக அதை வீணடித்துக் கிருமிகளைப் பழக்கிவிட்டால், எலும்பு வரை தொற்று போன ஒருவருக்குக் கொடுக்கும்போது கைவிடும் என்பது பல டாக்டர்களின் கவலை. என் கவலையும்தான். எந்த ஊர்க் கிருமி எதற்குப் பழகிவிட்டது என்பதைப் பொறுத்து டாக்டர்களின் தேர்வு மாறும்.

இந்தக் கவலை முற்றித்தான், பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2020ல் வெளியிட்ட வழிகாட்டலில், ஓரிடத்தில் மட்டும் உள்ள, பெருங்கொப்புளம் இல்லாத இம்பெடைகோவுக்கு முதலில் ஆன்டிபயாடிக்கே வேண்டாம், 1 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு க்ரீமை யோசியுங்கள் என்றது. க்ரீம் என்பதைக் கவனியுங்கள். புண் கழுவ வைத்திருக்கும் நுரை வரும் பாட்டிலை எடுத்துக் குழந்தை முகத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: தம்பிக்கு எழுதிக் கொடுத்த முபிரோசினை என் முகப்பருவுக்குத் தடவலாமா?

பதில்: கூடாது. பருவில் சம்பந்தப்பட்ட கிருமி முபிரோசினுக்கு மசியாது. பருவுக்கு எழுதும் கிளின்டாமைசினைக் கூடத் தனியாகத் தடவக் கூடாது, பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே தடவ வேண்டும். இல்லாவிட்டால் கிருமி பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும். பிடித்த துண்டில் முகம் துடைக்காதீர்கள்.

கேள்வி: எவ்வளவு தடவுவது என்று யாருமே சொல்வதில்லை.

பதில்: ட்யூபிலிருந்து, ஆள்காட்டி விரலின் நுனியில் தொடங்கி அதன் முதல் ரேகை வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவர் ஒருவரின் இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். சிரங்குப் புண்ணுக்கு அதில் ஒரு சின்னப் பொட்டுதான் தேவை. ஒரு வேளைக்கே விரல் விரலாகப் பிதுக்க வேண்டிய அளவுக்குத் தொற்று பரவியிருந்தால், அது களிம்பில் தீரும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. பெரிய ரணத்தில் வாரிப் பூசினால் மருந்து உள்ளேயும் போகும். நியோமைசின் அப்படிப் போனால் காது கேட்கும் திறனையே பாதிக்கலாம்.

கேள்வி: மிச்சமிருக்கும் ட்யூபை வைத்துக்கொள்ளலாமா? காலாவதிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

பதில்: இருக்கலாம். ஆனால் அதன் வாய் புண்ணில் பட்டிருக்கிறது, மூடி குளியலறைத் தரையில் விழுந்திருக்கிறது, எதற்காக வாங்கியது என்பதும் அடுத்த முறை யாருக்கும் ஞாபகம் இருக்காது. கண்ணில் கட்டி என்று அதையே கண்ணுக்கு இழுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். தோல் களிம்பு கண்ணுக்கானதல்ல. சொன்ன நாள் முடிந்ததும் தூக்கிப் போடுங்கள். குப்பையில் போடுங்கள், கழிப்பறையில் வேண்டாம்.